கார்த்திகை வானம்

தில்லி கிட்வாய் நகரின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை இரவு ஒன்றில் தந்தையுடன் மொட்டை மாடிக்குச் சென்றாள். தீபத் திருநாள் முடிந்து பத்து நாள்கள் ஆகியிருந்தன. நிலவு இன்னும் எழவில்லை. திருநெல்வேலியில் இருக்கும் தாத்தா, அதே நேரத்தில் தம் வீட்டு முற்றத்தில் நின்று தொலைபேசியில் பேசினார்.

“அம்மாடி, உச்சியைப் பார். ஆறு விண்மீன்கள் கொத்தாகத் தெரிகின்றனவா? அதுதான் கார்த்திகை. உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கிறது” என்றார்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். கொத்து தெரிந்தது. ஆனால், எண்ணியபோது நான்கு மீன்களே இருந்தன. அவையும் உச்சிக்குத் தெற்கே இருந்தன.

“இல்லை தாத்தா, தெற்கேதான் இருக்கிறது. ஆறும் இல்லை, நான்குதான்” என்றாள்.

“எழுபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன், ஆறுதான்” என்றார் தாத்தா. அவர் குரலில் சிறு வருத்தம் இருந்தது. தாத்தா தவறாகச் சொல்கிறாரோ என்று அவளுக்கு ஐயம் எழுந்தது. இருவரில் யார் சொல்வது சரி?

ஆறா, நான்கா?

கார்த்திகையை அறுமீன் என்றும் ஆரல் என்றும் தமிழர் அழைத்தனர். இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்கள் தெரிவதால் அறுமீன் என்னும் பெயர் அமைந்தது. உண்மையில் இக்கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. இது புவியிலிருந்து ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்று நம் கண்ணை வந்தடையும் அதன் ஒளி, வடக்கே அக்பரும் மதுரையில் நாயக்கரும் ஆண்ட காலத்தில் புறப்பட்டதாகும்.

தில்லியில் தெருவிளக்குகளின் ஒளி, குளிர்காலப் புகைமூட்டத்தில் பட்டுச் சிதறி வானை வெளுக்கச் செய்கிறது. அதனால் மங்கலான மீன்கள் மறைந்துவிடுகின்றன. விளக்குகளைப் பாராமல் இருபது நிமிடங்கள் காத்திருந்தால் கண் இருளுக்குப் பழகும். கொத்தை நேராக நோக்காமல் சற்றுப் பக்கவாட்டில் நோக்கினால், மேலும் ஓரிரு மீன்கள் தென்படக்கூடும். முழுநிலவு கார்த்திகைக்கு அருகில் நிற்பதாலேயே இம்மாதம் அப்பெயர் பெற்றது. எனினும் அந்நிலவொளியில் ஆறு மீன்களையும் காண்பது அரிது. ஆகவே, தீபத் திருநாளுக்குப் பின் ஒரு வாரம் கழித்துப் பார்ப்பதே நன்று.

வடக்கா, தெற்கா?

கை நீட்டி முட்டியை மடக்கினால், அதன் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகை ஆகும். கார்த்திகை, புவியின் 24 பாகை வட அட்சக்கோட்டிற்கு நேர் மேலாகக் கடந்து செல்கிறது. தில்லி 28 பாகைக்கு மேலும், திருநெல்வேலி 9 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் அமைந்தவை. எனவே, தில்லியில் நிற்பவருக்குக் கார்த்திகை உச்சிக்கு அரை முட்டி தெற்கே தெரியும். திருநெல்வேலியில் நிற்பவருக்கு ஒன்றரை முட்டி வடக்கே தெரியும்.

தில்லியிலிருந்து தமிழ்நாட்டுக்குச் செல்லும் தொடர்வண்டிகள் பல ஜான்சியையும் போபாலையும் கடந்து செல்கின்றன. அவ்விரு நகரங்களுக்கும் இடையே ஓரிடத்தில் கார்த்திகை நேர் உச்சியிலேயே நிற்கும். தாத்தாவும் பேத்தியும் கண்டது ஒரே கொத்தைத்தான். அவரவர் நின்ற நிலமே வேறு. இருவர் சொன்னதும் சரியே.

மாதத்தின் பிற காட்சிகள்

டிசம்பர் முதல் வாரத்தில் தில்லி வானில் காணத்தக்கவை:

இரவு 7 மணி: கிழக்கில் கார்த்திகையும், அதன் கீழே செந்நிறமான உரோகிணியும்.

இரவு 9 மணி: கிழக்கில், நேர்வரிசையில் நிற்கும் மூன்று மீன்கள். அவற்றின் இடப்புறம் சிவந்து ஒளிர்வது திருவாதிரை.

இரவு 10 மணி: தென்கிழக்கில், இரவு வானின் மிக ஒளிமிக்க விண்மீனான சிரியசு.

இரவு 11 மணி: ஏறத்தாழ உச்சியில் கார்த்திகை.

டிசம்பர் 13, 14 இரவுகளில் எரிமீன்கள் மிகுதியாக விழும்.

வடக்கே துருவமீனையும் காணலாம். ஓரூரின் அட்சப் பாகை எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில் அங்குத் துருவமீன் நிற்கும். தில்லியில் அது ஏறத்தாழ மூன்று முட்டி உயரத்தில் தெரியும். திருநெல்வேலியில் ஒரு முட்டியைக்கூட எட்டாது. பதினெட்டாம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் செய்சிங் தில்லியில் கட்டிய சந்தர் மந்தரில், சாம்ராட் யந்திரத்தின் சாய்ந்த சுவர் இதே பாகையில் துருவத்தை நோக்கி நிற்கிறது.

தெற்கே அகத்தியமீனோ இதற்கு மாறானது. தை மாத நடுவில் இரவு பதினொரு மணியளவில், தில்லியில் அது அடிவானிலிருந்து ஒரு முட்டி உயரத்திற்கும் குறைவாகவே எழும். கட்டடங்களுக்குப் பின்னே மறைந்துவிடும். தெற்கே செல்லச் செல்ல அது உயர்ந்து காட்சி தரும்.

அடுத்த சனிக்கிழமை அம்மாணவி தாத்தாவை மீண்டும் அழைத்தாள். “தாத்தா, நீங்கள் சொன்னது சரிதான். நான் சொன்னதும் சரிதான்” என்றாள். காரணத்தைக் கேட்ட தாத்தா நகைத்தார். “கோடை விடுமுறைக்கு வா. துருவமீன் எங்கள் தென்னைக்குக் கீழே இறங்கியிருப்பதை நீயே அளந்து பார்” என்றார்.

அருஞ்சொற்பொருள்

அறுமீன், ஆரல் – கார்த்திகை விண்மீன் கூட்டம்
நாள்மீன் – விண்மீன்
கோள்மீன் – கோள்
பாகை – கோண அளவு
முட்டி – மடக்கிய கை

பயிற்சி

1. கார்த்திகைக்கு அறுமீன் என்னும் பெயர் வந்தது ஏன்?

2. தீபத் திருநாளன்று ஆறு மீன்களைக் காண்பது அரிது. காரணம் எழுதுக.

3. பிரித்து எழுதுக: அறுமீன், திருநாள், நிலவொளி.

4. எதிர்ச்சொல் தருக: உச்சி, இருள், உயரம்.

5. செயல்பாடு: சொந்த ஊரில் உள்ள உறவினர் ஒருவருடன் தொலைபேசியில் பேசுக. ஒரே இரவில் இருவரும் துருவமீனின் உயரத்தை முட்டியால் அளந்து, இரண்டு அளவுகளையும் வேறுபாட்டின் காரணத்தையும் ஐந்து தொடர்களில் எழுதுக.