பெரிய டயர் மாட்டும் முன்…

உயரம் கூட்டாத மஹிந்திரா தாரில் 245/75 ஆர்16 டயரைக் கழற்றிவிட்டு 265/75 ஆர்16 மாட்ட ஆசைப்படுவோர் உண்டு. கணக்குப் போட்டால் விட்டம் 774 மி.மீ.யிலிருந்து 804 ஆகிறது. வண்டி உயர்வதோ அதில் பாதி, 15 மி.மீ.தான்.

முன்பு 104 காட்டிய வேகத்துக்கு ஸ்பீடோமீட்டர் இனி 100 தான் காட்டும்.

உரசுகிறதா என்பதே பெரிய கேள்வி. நான்கையும் வாங்குமுன், முன்பக்கம் ஒன்றை மட்டும் மாட்டிப் பார்க்கக் கடையில் கேட்கலாம். டயரின் ஓரத்தில் சாக்பீஸைத் தடிமனாகப் பூசி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து, முன்னும் பின்னும் மெல்ல உருட்ட வேண்டும். சக்கர வளைவின் பிளாஸ்டிக்கிலோ மட்பிளாப்பிலோ வெள்ளைத் தீற்றல் ஒட்டியிருந்தால் அங்கேதான் இடிக்கிறது. காலி வண்டியில் தேறினால் போதாது. ஆள் ஏற்றி, ஒரு சக்கரத்தை மேட்டில் நிறுத்தியும் சோதிக்க வேண்டும். சஸ்பென்ஷன் அமுங்கும்போதுதான் உண்மையான இடைவெளி தெரியும். பிரேக் ஹோஸ் பக்கமும் டார்ச் அடித்துப் பார்ப்பது அவசியம்.

டயரின் பக்கவாட்டில் உள்ள லோட் இண்டெக்ஸ் எண் பழையதைவிடக் குறையக் கூடாது. ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும். தாரில் அது பின்கதவில் தொங்குவதால், கூடும் எடையைக் கதவின் கீல்கள்தான் சுமக்கும்; சில மாதங்களுக்கு ஒருமுறை அவற்றின் போல்ட்டுகளை முறுக்கிப் பார்ப்பது நல்லது.