நாய் சாக்லேட் தின்றுவிட்டால்?

மழையின்றி வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரை மாடு மேய்ந்தால் என்ன நேரும் என்பதை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களின் உழவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே சோளம் கதிர் முற்றிய பின் மாட்டிற்கு நல்ல தீவனமாகிறது. இளம் பருவத்தில் அதுவே நஞ்சாகிறது. மேய்ந்த மாடு தள்ளாடக் கண்டால் உழவர் காத்திருப்பதில்லை. கால்நடை மருத்துவரிடம் ஓடுகிறார். இவ்வறிவு தலைமுறை தலைமுறையாக வந்தது.

ஆயினும், அண்மைக் காலத்தில் நம் சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்த சில பண்டங்களைப் பற்றி இத்தகைய அறிவு இன்னும் பரவவில்லை. அவற்றுள் ஒன்று சாக்லேட். இன்று அது இல்லாத பெட்டிக்கடை இல்லை. பிறந்த நாளுக்குச் சாக்லேட் கேக் வருகிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினர் பெட்டியில் சாக்லேட் வருகிறது. குழந்தை மகிழ்ந்து தின்னும் இப்பண்டம், வாயிலிற் காவல் கிடக்கும் நாய்க்கு நஞ்சாகும் என்பதை நாமும் பட்ட பின்னரே அறிந்தோம்.

நாம் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், திண்டிவனத்துக்கு மேற்கேயுள்ள ஒரு சிற்றூரில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் கேக் செய்யும் தொழிலைத் தொடங்கியிருந்தனர். அதனைப் பார்வையிட நாம் ஒரு மாலைப் பொழுதிற் சென்றிருந்தோம். பேசிக்கொண்டிருக்கையில், அவ்வீட்டு நாய் திண்ணையிலிருந்த கோகோத் தூள் பொட்டலம் ஒன்றைக் கிழித்துப் பெரும்பகுதியை நக்கித் தின்றுவிட்டது. 100 கிராம் பொட்டலம் அது. நாயின் எடை 15 கிலோ இருக்கலாம். வீட்டு அம்மையார் கவலையுடன் நம்மை நோக்கினார். “தின்பண்டத்திற் சேர்க்கும் தூள்தானே, அம்மா, என்ன செய்துவிடும்?” என்று நாம் சொன்னோம். படித்தவர் சொன்ன சொல் என்று அவர்களும் நம்பினார்கள்.

இரவு பத்து மணிக்கு நாய் வாந்தியெடுத்தது. ஓரிடத்தில் நில்லாமல் அலைந்தது. நள்ளிரவில் உடல் நடுங்கி, வாயில் நுரை தள்ளி, கால்கள் விறைத்து இழுப்புக் கண்டது. அக்கம்பக்கத்தார் கூடி வெறி பிடித்துவிட்டதென்று தடியெடுத்தனர். ஆடு நாற்பதையும் ஐந்தாண்டுகள் காத்த நாய் என்று வீட்டுக்காரர் குறுக்கே நின்று தடுத்தார். ஒருவர் உப்புநீரை வாயில் ஊற்றினார். விடியற்காலையில் கால்நடை மருத்துவரை அழைத்துவரும் முன் நாய் இறந்துவிட்டது. மாலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கக் கூடும் என்று மருத்துவர் கூறியது இன்றும் நம் நெஞ்சில் நிற்கிறது. அறியாத ஒன்றை அறிந்தவர் போற் சொன்னது நம் பிழை. அப்பிழையை வேறெவரும் செய்யலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

நஞ்சு எங்கிருந்து வருகிறது?

சாக்லேட்டின் மூலப்பொருள் கோகோ மரத்தின் விதை. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் இம்மரம் ஊடுபயிராக வளர்க்கப்படுகிறது. இவ்விதையில் தியோபுரோமின் என்னும் பொருளும், காபியிலுள்ள காபீன் சிறிதளவும் உண்டு. மனித உடல் தியோபுரோமினை விரைவில் சிதைத்து வெளியேற்றிவிடுகிறது. நாயின் உடலோ அதனை மிக மெதுவாகவே வெளியேற்றுகிறது. உட்சென்றதிற் பாதி கழிவதற்கே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். அதுவரையில் அப்பொருள் இதயத்தையும் நரம்புகளையும் ஓயாது முடுக்கிக்கொண்டே இருக்கிறது. சாக்லேட்டின் இனிப்பு அன்று, இந்தத் தியோபுரோமினே நாயைக் கொல்வது.

எல்லாச் சாக்லேட்டும் ஒரே அளவு தீங்குடையதன்று. எவ்வளவு கசப்போ அவ்வளவு தீங்கு என்பது எளிய விதி. வெள்ளைச் சாக்லேட்டில் தியோபுரோமின் இல்லையென்றே சொல்லலாம். பால் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராமும், டார்க் சாக்லேட் எனப்படும் கறுப்புச் சாக்லேட்டில் சுமார் 5 மில்லிகிராமும், சர்க்கரை சேராத சமையற் சாக்லேட் கட்டியில் சுமார் 15 மில்லிகிராமும், கோகோத் தூளில் 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் உண்டு.

கணக்கிடும் முறை

நாயின் எடையில் கிலோ ஒன்றுக்குத் தியோபுரோமின் 20 மில்லிகிராம் சேர்ந்தால் வாந்தியும் பேதியும் அமைதியின்மையும் தோன்றும். 40 மில்லிகிராமுக்கு மேல் இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும். 60 மில்லிகிராமுக்கு மேல் இழுப்பு வரக்கூடும். 100 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இளைத்த நாய்க்கும், கிழ நாய்க்கும், இதய நோயுள்ள நாய்க்கும் இவற்றிற் குறைந்த அளவே போதும்.

மேற்சொன்ன நாயின் கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் கோகோத் தூளில் 2,000 மில்லிகிராம் தியோபுரோமின். அதனை எடையாகிய 15 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 133 மில்லிகிராம் ஆகிறது. அந்த ஒரு வகுத்தலை அன்று மாலை நாம் செய்யத் தெரிந்திருந்தால், அப்போதே வண்டி பிடித்திருப்போம்.

இதற்கு மாறாக, அதே நாய் 10 கிராம் பால் சாக்லேட் துண்டொன்றைத் தின்றிருந்தால் கிலோவுக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவே. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை; நாயைக் கவனித்து வந்தாற் போதும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, எஞ்சியதை நாய்க்கு எட்டாமல் எடுத்துவிட்டு, கிழிந்த உறையைப் பத்திரப்படுத்துக. என்ன வகை, எத்தனை கிராம் என்பதை மருத்துவருக்குச் சொல்வது அவ்வுறையே. தின்ற நேரத்தையும் நாயின் எடையையும் குறித்துக்கொள்க. எடை தெரியாவிடில், நாயைத் தூக்கிக்கொண்டு ஒருவர் தராசில் நின்று பார்த்து, பின்னர் தம் எடையை மட்டும் பார்த்துக் கழித்தால் விடை கிடைக்கும்.

இரண்டாவதாக, அறிகுறி தோன்றட்டும் என்று காத்திராமல், உடனே கால்நடை மருத்துவரை நாடுக. அறிகுறிகள் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்திற்குள்ளேயே வெளிப்படும். தின்ற இரண்டு மணி நேரத்திற்குள் கொண்டுசென்றால், மருத்துவர் ஊசியின் உதவியால் வாந்தி எடுக்கச் செய்து நஞ்சிற் பெரும்பகுதியை வெளியேற்ற இயலும். நேரம் கடந்துவிட்டதென்று கைவிடவும் வேண்டாம். சாக்லேட் வயிற்றில் கட்டியாய்த் தங்கி மெதுவாகக் கரைவதும் உண்டு.

இந்நஞ்சிற்கு நேரான முறிமருந்து கிடையாது. நஞ்சை உறிஞ்சும் மருந்துக் கரியை மருத்துவர் புகட்டுவார்; நரம்பு வழி நீர் ஏற்றுவார்; இதயத் துடிப்பையும் இழுப்பையும் அடக்க மருந்து தருவார். தியோபுரோமின் சிறுநீர்ப் பையிலிருந்து மீண்டும் உடலிற் சேரும் இயல்புடையது. ஆதலின், சிகிச்சையின் பின் நாய்க்கு வேண்டிய மட்டும் தண்ணீர் வைத்து, அடிக்கடி வெளியே நடத்திச் சென்று சிறுநீர் கழிக்கச் செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, கொண்டுசெல்லும்போது நாயின் வாயைக் கட்டலாகாது. வாந்தி மூச்சுக் குழலில் அடைத்துக்கொள்ளும். போர்வையிலோ சாக்கிலோ தளர்வாகச் சுற்றி, ஓசையும் வெயிலும் படாமல் எடுத்துச் செல்க.

செய்யத் தகாதவை

உப்புநீர் ஊற்றுவது நம் ஊர்களில் வழக்கம். உப்பு மிகுந்தால் அதுவே மற்றொரு நஞ்சாகி மூளையைத் தாக்கும். புளிக்கரைசல், எண்ணெய், மோர், முட்டை முதலியவற்றை வலிந்து புகட்டுவதால் அவை நுரையீரலிற் புகுந்து கேடு விளைக்கும். பால் இந்நஞ்சை முறிக்காது. இழுப்பு வந்துவிட்ட நாயின் வாயில் விரலையோ தண்ணீரையோ ஒருபோதும் விடலாகாது. இவையாவும் பயனற்றவை என்பது ஒருபுறமிருக்க, இவற்றிற் கழியும் நேரமே உயிரைப் போக்குகிறது.

வெறிநோய் என்று மயங்கற்க

நுரை, நடுக்கம், அலைச்சல், இழுப்பு ஆகியவை வெறிநோயிலும் காணப்படும். ஆகவே இருபுறமும் எச்சரிக்கை வேண்டும். சாக்லேட் தின்றது கண்ணாற் கண்டதாயின், வெறியென்று கூவி நாயை அடிக்க இடந்தரலாகாது. என்ன தின்றது என்று தெரியாத நாயாயின், நாமே முடிவு கட்டி அருகிற் செல்லலாகாது. குழந்தைகளை விலக்கி, மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த நிலையிலும் நாய் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்வது கட்டாயம். வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தால் இந்த ஐயமே பெரிதும் குறைந்துவிடும்.

வேறு சில பண்டங்கள்

காபித் தூளும் தேயிலைத் தூளும் சாக்லேட்டைப் போலவே நாயின் இதயத்தைத் தாக்கும். பாயசத்திலும் கேசரியிலும் இடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் மிகுந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் அழியும். சர்க்கரையற்றது எனக் குறிக்கப்பட்ட சூயிங்கம் சிலவற்றில் சேரும் சைலிட்டால் என்னும் இனிப்பு, சிறிதளவிலேயே நாயின் இரத்தச் சர்க்கரையை வீழ்த்திவிடும். திருமண வீட்டு எச்சில் இலை நாய்க்கு விருந்து என்னும் எண்ணத்தை நாம் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஊராட்சியின் கடமை

இது வீட்டுக்காரர் ஒருவரின் பொறுப்பு மட்டுமன்று. களத்து நெல்லையும், பட்டி ஆட்டையும், காட்டுப்பன்றி புகும் வேர்க்கடலைக் கொல்லையையும் காக்கும் நாய், சிறு உழவரின் உடைமைகளுள் ஒன்று. ஆடு வாங்கக் கடன் பெற்ற குடும்பத்திற்கு அந்த ஆடுகளின் காவல் எத்தகையது என்பதை உறுப்பினர்கள் நன்கறிவார்கள்.

ஒவ்வோர் ஊராட்சியும் செய்யத்தக்கவை பெருஞ்செலவுடையன அல்ல. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் பெயரையும் தொலைபேசி எண்ணையும், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்னும் கட்டணமில்லா எண்ணையும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் பால் கூட்டுறவுச் சங்கச் சுவரிலும் பெரிதாக எழுதி வைக்கலாம். இரவு வேளையில் எங்கே செல்வது என்பதை முன்னதாகவே விசாரித்து அதனையும் கீழே எழுதலாம். சுதந்திர நாளன்று பள்ளியில் இனிப்பு வழங்கும்போது, எஞ்சியதையும் உறைகளையும் மூடியுள்ள தொட்டியில் இடுமாறு மாணவருக்குச் சொல்லலாம். அன்று கூடும் கிராம சபையில் கால்நடை உதவி மருத்துவரை அழைத்துப் பத்து நிமிடம் பேசச் சொல்லலாம். கேக், சாக்லேட் செய்யும் மகளிர் குழுக்கள் கோகோத் தூளை மூடியுள்ள டப்பாவில் உயரத்தில் வைக்க வேண்டும் என்பதை அவர்கள் பயிற்சியின் முதல் நாளிலேயே கற்பிக்கலாம்.

இத்தகைய அறிவு பயன்படுமா என்று ஐயுறுவோர்க்கு மற்றொரு நிகழ்ச்சியைச் சொல்லி முடிக்கிறோம். முன் சொன்ன துயரம் நிகழ்ந்து ஓராண்டு கழித்து, விக்கிரவாண்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், வெளிநாட்டிலிருந்து உறவினர் கொணர்ந்த 200 கிராம் கறுப்புச் சாக்லேட்டை 12 கிலோ எடையுள்ள நாயொன்று முழுவதும் தின்றுவிட்டது. கிலோவுக்கு 83 மில்லிகிராம். இழுப்பு வரத்தக்க அளவு. அவ்வீட்டுப் பெண், எட்டாம் வகுப்பு மாணவி, நாம் பள்ளியிற் பேசியதை நினைவு வைத்திருந்தாள். உறையைக் கையிலெடுத்துத் தந்தையை எழுப்பினாள். ஒரு மணி நேரத்திற்குள் நாய் மருத்துவரிடம் சேர்ந்தது. மூன்றாம் நாள் அது மீண்டும் பட்டியின் வாயிலிற் படுத்திருந்ததை நாம் நேரிற் கண்டோம்.

கூட்டத்தில் வினவத்தக்க வினாக்கள்

1. 20 கிலோ எடையுள்ள நாய் 80 கிராம் கறுப்புச் சாக்லேட் தின்றது. கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம்? மருத்துவரிடம் செல்ல வேண்டுமா? (விடை: 20 மில்லிகிராம், அறிகுறி தொடங்கும் அளவாதலின் செல்ல வேண்டும்.)

2. 8 கிலோ எடையுள்ள நாய் 50 கிராம் கோகோத் தூள் தின்றது. நிலைமை என்ன? (விடை: 125 மில்லிகிராம்; உயிருக்கு ஆபத்து. ஒரு கணமும் தாமதிக்கலாகாது.)

3. நம் ஊரிலிருந்து கால்நடை மருத்துவரிடம் செல்ல எத்தனை நிமிடம் ஆகும்? இரவிலானால் எத்தனை? (இதற்கான விடையை ஒவ்வோர் ஊராரும் தாமே கண்டறிந்து சுவரில் எழுத வேண்டும்.)