வெயில் எங்கே போனது?

கடற்கரையில் விளையாடும் பிள்ளைகளை எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். எவ்வளவு வெள்ளை கலந்தாலும் வெயில் வரவில்லை, படம் வெளிறிப்போகிறது. என்ன செய்ய?
– வாசகி, நாகப்பட்டினம்

வெள்ளையைக் குறைத்துவிட்டு நிழலைக் கவனியுங்கள். வெயிலைக் காட்டிக்கொடுப்பது நிழலின் நிறம்தான். கறுப்பைத் தொடவே வேண்டாம். அல்ட்ராமரின் நீலத்தில் துளி சிவப்பு சேர்த்து, ஊதா சாயலில் நிழலைப் போடுங்கள். அதை ஒட்டியே, மஞ்சள் கலந்த வெள்ளையில் அழுத்தமாக ஒரு தீற்றல். இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும்!

லாரா நைட் வரைந்த ‘தி பீச்’ ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். 1907இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கடலோரத்துக்குக் குடிபோனவர் அவர். 1909இல் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைத்த இந்தப் படம் இப்போது நியூகாசிலின் லேயிங் கலைக்கூடத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் வெளிர் உடுப்புக்குள் எத்தனை நிறங்கள் என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு அலுக்காத படம் அது. 1936இல் அதே அகாடமி அவரை முழு உறுப்பினராக்கியது. நிறுவிய காலத்து இரு பெண்களுக்குப் பிறகு அந்த இடம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

பிள்ளைகள் ஒரு நொடி நிற்க மாட்டார்கள். கரையில் பென்சில் கோடுகளை மட்டும் பிடித்து வாருங்கள். வண்ணத்துக்கு மறுநாள் அதே நேரத்தில் போங்கள், நிழல் அதே இடத்தில் விழும்.