பூமி இருமடங்கு விரைவாகச் சுழன்றால்?



1981-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 31-ஆம் நாள், தீபகற்ப மலேசியாவில் ஒரு விந்தையான நாள். அன்றைய நாளுக்கு 24 மணி நேரம் இல்லை. இருபத்து மூன்றரை மணி நேரமே இருந்தது. இரவு 11.30 மணி ஆனதும் கடிகார முள் நள்ளிரவு 12 மணிக்குத் தள்ளி வைக்கப்பட்டது. உடனே 1982 பிறந்தது. தீபகற்பமும் சபா, சரவாக் மாநிலங்களும் ஒரே நேரத்தைப் பின்பற்ற வேண்டும் என்பதே அம்மாற்றத்தின் நோக்கம்.

முள் நகர்ந்தது, கதிரவன் நகரவில்லை. அதுவரை ஏறக்குறைய 6.30 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் நம் பகுதியில் உதித்த கதிரவன், புதிய கடிகாரப்படி 7 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையில் உதிக்கலானான். பெரட்டு நேரத்தைக் கடிகாரத்தில் மாற்றாமல் வைத்தால், தொழிலாளி அரை மணி நேரம் முன்னதாகவே இருளில் எழ வேண்டியிருக்கும். அரை மணி நேர மாற்றமே இத்தகையது என்றால், பூமியே தன் சுழற்சியை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும்? இதனை நாம் சற்று ஆராய்வோம்.

நாம் உணராத வேகம்

பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றுவதால் பகலும் இரவும் உண்டாகின்றன. இவ்வுண்மையை ஆரியபட்டர் கி.பி. 499-லேயே தம் நூலில் கூறியுள்ளார். நம் கலும்பாங் பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ளது. ஆதலின், நாம் வகுப்பறையில் அமைதியாக அமர்ந்திருக்கும்போதே மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறோம்! ஆயினும் நமக்கு அது தெரிவதில்லை. தஞ்சோங் மாலிமிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரே சீராக ஓடும் இரயிலில் கண்ணை மூடி அமர்ந்திருந்தால் வேகம் தெரியாது அன்றோ? பூமியும் அவ்வாறே சீராகச் சுழல்கிறது. காற்றும் கடலும் அதனுடன் சேர்ந்தே செல்கின்றன.

இவ்வேகம் இருமடங்கானால் ஒரு நாள் 12 மணி நேரமாகச் சுருங்கும். பகல் ஆறு மணி நேரம். இரவு ஆறு மணி நேரம். நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தனர். அது 30 நாழிகையாகிவிடும். ஆனால், பூமி கதிரவனைச் சுற்றிவர எடுத்துக்கொள்ளும் காலம் மாறாது. ஆகவே ஓர் ஆண்டில் ஏறக்குறைய 730 நாள்கள் இருக்கும். பிறந்தநாள் விரைவில் வரும் என்று எண்ணி மகிழ வேண்டா. அது அதே காலம் கழித்துத்தான் வரும்.

நாள் பெருகும், பால் பெருகாது

நாள்கள் இருமடங்கானால் நாட்கூலியும் இருமடங்காகுமே என்று தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அதற்கு விடை பால்மரத்திடம் இருக்கிறது.

இன்று நம் வட்டாரத்தில் பல இடங்களில் செம்பனை நிற்கிறது. ஆயினும் விடியுமுன் உளியும் வாளியும் எடுத்துச் சென்று பால்மரம் வெட்டிய தலைமுறையின் பிள்ளைகள் நாம். ஏன் விடியுமுன் வெட்டினார்கள்? இரவில் இலைகள் நீரை அதிகம் வெளிவிடுவதில்லை. அதனால் மரப்பட்டையில் உள்ள பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெட்டியதும் பால் நன்கு வடிந்து மங்கில் நிறையும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் குறையும், பாலும் குறையும்.

வடிந்த பாலை மரம் மீண்டும் ஊறச் செய்ய நேரம் வேண்டும். அதனாற்றான் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை வழக்கில் இருந்தது. அதாவது 48 மணி நேர இடைவெளி. நாள் 12 மணி நேரமானால், நான்கு நாளைக்கு ஒரு முறைதான் அதே மரத்தை வெட்ட முடியும். நாளை நாம் எப்படி எண்ணினாலும், மரம் தன் கணக்கைத்தான் பார்க்கும்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

மரத்திற்கு மட்டுமன்று, நம் உடலுக்கும் ஒரு கணக்கு உண்டு. 1729-ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் டி மெரான் என்பவர் தொட்டாற்சுருங்கி வகைச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சம் இல்லாதபோதும் அது பகல் வேளையில் இலை விரித்தது. இரவு வேளையில் மடக்கிக்கொண்டது. மனித உடலிலும் இத்தகைய கடிகாரம் ஏறக்குறைய 24 மணி நேரத்திற்கு ஒரு சுற்றாக ஓடுகிறது. அது செயற்படும் முறையைக் கண்டறிந்த மூன்று அறிஞர்களுக்கு 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பள்ளிச் சிறுவர்க்கு நாள்தோறும் 9 மணி நேரமாவது உறக்கம் தேவை. ஆறு மணி நேர இரவில் அதற்கு இடம் ஏது? பாதி உறக்கத்தில் விடியும். பாடம் படிக்கும்போது இருட்டிவிடும்.

கடலும் எடையும்

கோலசிலாங்கூர்க் கடலோரத்தில் இப்போது நீரேற்றம் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்திற்கு ஒரு முறை வருகிறது. பூமி இருமடங்கு விரைந்தால் அது ஏறக்குறைய 6 மணி நேரத்திற்கு ஒரு முறை வரும். மீனவர் படகெடுக்கும் வேளையெல்லாம் மாறும். கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில் இருட்டியபின் மின்னும் மின்மினிகளுக்கும் பாதி இரவே கிட்டும்.

விரைந்து சுழலும் பொருள் தன்மேல் உள்ளவற்றை வெளியே தள்ள முயலும். ஆகவே இன்று 50 கிலோ காட்டும் வில்தராசு அன்று ஏறக்குறைய 49½ கிலோ காட்டும். வேகம் 17 மடங்கானால், பூமத்திய ரேகையில் நிற்பவருக்கு எடையே தெரியாது!

இது வெறுங் கற்பனையா?

அன்று. பூமி முற்காலத்தில் இதைவிட விரைவாகவே சுழன்றது. சில மரங்களில் ஆண்டு வளையம் இருப்பதுபோல், பழம் பவளப் படிவங்களில் நாள்தோறும் வளர்ந்த நுண்கோடுகள் உள்ளன. அறிஞர் ஜான் வெல்ஸ் அவற்றை எண்ணி, ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்குமுன் ஓர் ஆண்டில் 400 நாள்கள் இருந்தன என்று 1963-இல் வெளியிட்டார். அப்படியானால் அன்று ஒரு நாள் ஏறக்குறைய 22 மணி நேரமே.

நிலவின் ஈர்ப்பால் எழும் நீரேற்றம் பூமியின் சுழற்சியைச் சிறிது சிறிதாகத் தடுக்கிறது. நிலவும் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது. இடையிடையே சிறு ஏற்ற இறக்கங்களும் உண்டு. 2024 ஜூலை 5-ஆம் நாள் வழக்கத்தைவிட 1.66 மில்லிவினாடி குறைவாக இருந்தது. கண் இமைக்கும் நேரத்தைவிட அது மிகமிகச் சிறியது.

நாம் கற்பது

கடிகாரத்தை நாம் திருப்பலாம். மரத்தையும் கடலையும் உடலையும் திருப்ப முடியாது. பெற்றோர்களே! இருளில் எழுந்து வேலைக்குச் செல்லும் உங்கள் களைப்பை நாம் அறிவோம். நம் பிள்ளைகளும் கதிரவன் எழுமுன்னரே எழுந்து பள்ளிக்குப் புறப்படுகிறார்கள். விடியலை நாம் தள்ளிவைக்க இயலாது. ஆனால், இரவில் விளக்கை முன்னதாக அணைக்க இயலும். தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நேரத்தோடு நிறுத்தி, பிள்ளைகளை உறங்கச் செய்வோம். பூமி நமக்கு அளித்திருக்கும் இரவு அவர்களுக்குப் போதுமானது. அதை நாம் குறைக்காமல் இருந்தால் போதும்.

மாணவர்களே! தொட்டாற்சுருங்கிச் செடி ஒன்றைத் தொட்டியில் நட்டு, இரண்டு நாள் இருட்டறையில் வையுங்கள். காலையும் மாலையும் தொடாமல் பார்த்துக் குறிப்பெழுதுங்கள். தூங்குமூஞ்சி மரம் மாலையில் எத்தனை மணிக்கு இலை மடக்குகிறது என்பதையும் கவனியுங்கள். மலாய்க்காரர் அதனை ‘ஐந்து மணி மரம்’ என்று ஏன் அழைக்கின்றனர் என்பது அப்போது உங்களுக்கே விளங்கும்.