விழப்போகிற பல்தானா?

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்குக் கடைவாய்ப் பல்லில் கறுப்புப் புள்ளி. ‘விழப்போகிற பல்தானே’ என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா?
– வாசகி, கூலாய், ஜொகூர்

பதில்: அது விழப்போகிற பல்லா என்பதே சந்தேகம், அம்மா. ஆறு வயதுவாக்கில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரமானது, போனால் போனதுதான். அதன் பள்ளங்களில் பிஸ்கட் அப்பிக்கொண்டு கிடக்கும். பள்ளிக்குப் பல் மருத்துவக் குழு வரட்டும் என்று காத்திராமல் அரசு பல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். மாணவர்களுக்கு அங்கே சிகிச்சை இலவசம். பார்ப்பவர் பல் சிகிச்சையாளராக இருக்கலாம். டாக்டர் இல்லையே என்று தயங்காதீர்கள். அவர்கள் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள்; அந்தப் பயிற்சி பினாங்கில் 1949இல் தொடங்கியது. பல் சொத்தையைத் தடுக்க நாட்டில் குடிநீரில் ஃபுளோரைடு கலப்பது முதலில் ஆரம்பித்தது (1957) உங்கள் ஜொகூரில்தான். ஆனால் இரவில் துலக்காத வாய்க்கு அது மட்டும் போதாது. ஏழெட்டு வயதுவரை பிரஷ்ஷை நீங்களே பிடித்துத் துலக்கிவிடுங்கள்.