தீபாவளி விருந்துக்கு முன்னால் பதிவேட்டைத் திறங்கள்

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் மோட்டார்சைக்கிள் விற்கும் கடையில் வேலையா? வாடிக்கையாளர்களுக்கான தீபாவளி விருந்தை உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா? சாப்பாட்டுக்குச் சொல்லும் முன் பழைய விற்பனைப் பதிவேட்டை எடுங்கள்.

அதில் பெயர்களைவிடத் தேதிகள்தான் முக்கியம். 2பி உரிமம் எடுத்து ஓராண்டு ஆனவர் 2ஏ வகுப்பில் சேரலாம்; 200 சிசி வண்டியிலிருந்து 400 சிசிக்கு ஏறும் கனவு அவருக்கு இருக்கும். மூன்று வயதைத் தாண்டிய வண்டி ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் எடுத்து ஒன்பது ஆண்டு ஓட்டியவரோ, புதுப்பிப்பதா, கழித்துவிடுவதா என்று குழம்பிக்கொண்டிருப்பார். 2022 இறுதியில் மோட்டார்சைக்கிள் சிஓஇ 12,000 வெள்ளியைத் தாண்டியதை மறந்தவர் யார்? இந்த மூன்று வகையினரையும் நீங்களே போனில் கூப்பிட்டு அழையுங்கள். எல்லாருக்கும் ஒரே வாழ்த்துப் படத்தை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

வாடிக்கையாளர்களில் உணவு விநியோகம் செய்பவர்களுக்கு மதியமும் இரவும்தான் சம்பாத்தியம். அதனால் மாலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் வையுங்கள். தீபாவளிக்கு முந்திய ஞாயிறு வேண்டாம். தேக்கா பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. வந்த வண்டிகளை ஐந்தடிப் பாதையில் அடுக்கி அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களோடு மனத்தாங்கல் தேடிக்கொள்ளாதீர்கள்.

முறுக்கு, அதிரசத்தோடு சைவச் சாப்பாடு தனி மேசையில். பிரியாணியை ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் வாங்குங்கள்; மலாய் நண்பர்களும் தயங்காமல் உட்காருவார்கள். பியர் மட்டும் கூடவே கூடாது, முதலாளியே ஆசைப்பட்டாலும். வந்தவர்கள் வண்டியில்தான் திரும்புவார்கள். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவையே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பரிசுக் குலுக்கல் வைத்தால், சீட்டில் அடையாள அட்டை எண் கேட்காதீர்கள். 2019 செப்டம்பரிலிருந்து அதற்கு அனுமதி இல்லை. பெயரும் கைப்பேசி எண்ணும் போதும். சலுகைச் செய்தி அனுப்பலாமா என்பதைத் தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்றைய நாயகன் மெக்கானிக். வாடிக்கையாளருக்கு உங்கள் பெயர் மறந்திருக்கலாம், மெக்கானிக்கின் பெயர் மறந்திருக்காது. அவரை முன்னால் நிறுத்தி, செயினையும் பிரேக்கையும் இலவசமாகப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். விலைப்பட்டியல் மேசைமேல் வேண்டாம். அவரிடம் சொல்லப்படும் குறைகளைப் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

மறுநாள் "எத்தனை வண்டி போச்சு?" என்று முதலாளி கேட்பார். பரிசோதனைக்கு வருபவர்கள், 2ஏ எடுக்கப்போகிறவர்கள், சிஓஇ முடியப்போகிறவர்கள் என்று பிரித்த பட்டியலை நீட்டிவிட்டு, முதல் பெயருக்குப் போன் போடுங்கள்.