மைனஸ் 30-ல் கிரேன் வேலை

காளவாசலில் ஹைட்ரா கிரேன் ஓட்டுகிறவர், சாவியைத் திருப்பிய கையோடு பூமைத் தூக்கிவிடுவார். மதுரை வெயிலுக்கு அது சரி. உறைபனி நாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர் முதலில் விட வேண்டிய பழக்கமும் அதுதான்.

கடுங்குளிரில் ஹைட்ராலிக் ஆயில் இறுகிவிடும். சூடேறுமுன் பாரம் தூக்கினால் பம்புக்கு ஆயில் எட்டாது. சீல் கிழியும், ஹோஸ் வெடிக்கும். டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். பேட்டரி மைனஸ் 18 டிகிரியில் ஏறக்குறைய பாதி பலத்தை இழந்திருக்கும். ஆகவே ஹீட்டர் போட்டு எஞ்சினைச் சூடாக்கி, பாரமில்லாமல் பூமை மெதுவாகப் பலமுறை ஏற்றி இறக்கிய பிறகே வேலை. எஃகும் அங்கே வளைந்து எச்சரிக்காது, சட்டென முறியும். எந்தக் குளிரில் எவ்வளவு பாரம் குறைக்க வேண்டும், எப்போது நிறுத்திவிட வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினாலும் அதை மீறாதீர்கள். தரையோடு உறைந்துபோன கன்டெய்னரை நேரே தூக்கக் கூடாது. பனியின் பிடியும் பாரத்தோடு சேரும், விடுபட்ட கணத்தில் ரோப் துள்ளும். முதலில் பனியை உடைத்து விடுவியுங்கள்.

இந்தியாவிலிருந்து இப்படிப்பட்ட வேலைக்கு நேர்வழி அண்டார்டிகாதான். கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம், மைத்ரி (1989), பாரதி (2012) நிலையங்களுக்கு வாகன மெக்கானிக் போன்ற தொழில்நுட்பப் பணியாளர்களை ஒப்பந்தத்தில் எடுக்கிறது. அங்கே துறைமுக மேடை கிடையாது. கப்பல் பனி விளிம்பில் நிற்கும். கிரேன் சரக்கை இறக்க, சங்கிலிச் சக்கர வண்டிகள் சறுக்குப் பலகையில் இழுத்துப் போகும். இதெல்லாம் கோடையில் முடிந்துவிடும். குளிர்காலத்தில் கப்பலே வராது. மைனஸ் 30-ஐத் தொடும் நாள்களில் ஜெனரேட்டரும் வண்டிகளும் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஓட்டத் தெரிந்தவரைவிடப் பழுது பார்க்கவும் தெரிந்தவருக்கே அங்கே மதிப்பு.

ஆகவே மதுரை கே.புதூர் அரசு ஐடிஐ மாதிரி ஓரிடத்தில் டீசல் மெக்கானிக் தொழில் படியுங்கள். கனரக வாகன உரிமம் எடுங்கள். தூத்துக்குடி துறைமுகப் பக்கம் சில ஆண்டுகள் கன்டெய்னர் வேலையில் கை பழகட்டும். அண்டார்டிகாவுக்குத் தேர்வானால் கடுமையான மருத்துவப் பரிசோதனையும், உத்தராகண்ட் ஔலியில் பனிப் பயிற்சியும் உண்டு. சர்க்கரை, இரத்த அழுத்தத்தை இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

கனடா, ரஷ்யா என்று ஏஜெண்ட் ஆசை காட்டினால், அவருடைய பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.